தெற்குப் பாதையின் தாய்க் கோவாலா

தென்கடல் தீவு ஒன்றில் இந்த நிகழ்ச்சியை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றில் மரத்தில் இருந்தது ஆண் கோவாலா. மற்றதில் முதுகில் குட்டியைச் சுமந்த தாய். இரண்டாவதைச் சொல்பவர்களே அதிகம் என்பதால் இங்கே அதுவே கொள்ளப்படுகிறது. அனல் காற்று வீசிய ஒரு மாசிமாதக் கோடைப் பிற்பகலில் நடந்தது என்பதில் மட்டும் எவருக்கும் வேறுபாடு இல்லை.

விடுமுறைக்கு வருபவர்களுக்குக் கரடிக்குட்டி போலத் தோன்றும் காட்டுக் கோவாலாக்களைக் காண்பிக்க அத்தீவில் இரண்டு நடைபாதைகள் இருந்தன: வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டையும் நடத்தியவர் யோகநாயகி. முன்பு அக்கரை நகரில் விஞ்ஞானம் கற்பித்தவர் ஆதலால், அவரை எல்லாரும் ரீச்சர் என்றார்கள்.

வழிகாட்டும் வேலைக்கு அவரிடம் பாடம் கேட்டவர் பேரம்பலம் ஒருவரே. கல்யாண மண்டபங்களில் முப்பது ஆண்டுகள் படம் பிடித்து ஓய்ந்தவர். ரீச்சரைவிட இருபது வயது மூத்தவர். வயதுக்காக ரீச்சர் அவரை அண்ணை என்று அழைத்தார். பாடத்துக்காக அவர் ரீச்சர் என்று அழைத்தார். அதில் இருவருக்கும் குழப்பம் ஏற்பட்டதில்லை.

வந்து சேர்ந்த நாளில் பேரம்பலம் கேட்டார்.

“மரத்தில எந்த இடத்தைப் பார்க்கவேணும், ரீச்சர்?”

“மரத்தைப் பாராதேங்கோ.”

“பிறகு?”

“நிலத்தைப் பாருங்கோ.”

பேரம்பலம் பல நாள் குனிந்தபடியே நடந்தார். கழுத்து வலித்தது. கடைசியில் ஒரு தைலமரத்தடியில், பேரீச்சங்கொட்டையை ஒத்த எச்சம் சிலவற்றைக் கண்டார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். தைலம் மணத்தது. உள்ளங்கையில் வைத்து ரீச்சரிடம் நீட்டினார்.

“இப்ப நிமிருங்கோ” என்றார் ரீச்சர்.

நேர் மேலே, கிளை பிரியும் கவையில், சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை தூங்கிக்கொண்டிருந்தது.

மற்றவையும் இப்படியே வந்தன. காற்றில் இலை அசையும், கோவாலா அசையாது. ஆகவே அசையாததைத் தேடு. பட்டையில் புதிய நகக்கீறல் இருந்தால் நின்று பார். ஒரு பக்கத்திலிருந்து பார்த்த மரத்தை மறுபக்கத்திலிருந்தும் பார். வெயில் கடுமையான நாளில் உச்சியைப் பார்க்காதே. அடிமரம் குளிர்ந்திருக்கும், கோவாலா அதைத் தழுவிக்கொண்டு தாழ இருக்கும். கண்டுவிட்டால் கை நீட்டாதே, குரல் எழுப்பாதே. இவற்றில் ஒன்றையும் ரீச்சர் விதி என்று சொல்லவில்லை. பேரம்பலம் தவறிய இடங்களில் ரீச்சர் நின்றுகொண்டார், அவ்வளவே.

தேர்வுக்கு மட்டும் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர் ஒரு கூட்டத்தைத் தனியாக அழைத்துச் செல்ல வேண்டும். கோவாலாவைக் காட்டி, திரும்பி வந்துவிட வேண்டும். பிறகு ரீச்சர் தனியே அந்த மரத்துக்குப் போவார். கோவாலா அதே மரத்தில் இருந்தால் தேர்ச்சி. இல்லையென்றால் இல்லை. வந்தவர்கள் பார்த்தார்களா, மகிழ்ந்தார்களா என்று அவர் கேட்பதில்லை.

முதல் முறை பேரம்பலம் காட்டிய கோவாலா அடுத்த மரத்துக்குப் போயிருந்தது.

“இல்லை, அண்ணை” என்றார் ரீச்சர்.

இரண்டு பாதையையும் ஒருவராக நடத்த முடியாததால், இனி வடக்குப் பாதை மட்டுமே என்று ரீச்சர் முடிவு செய்தார். தெற்குப் பாதையைப் பேரம்பலம் ஏற்க வேண்டும். அல்லது அது பூட்டப்படும். அந்தப் பாதையைத் தவிர இனித் தமக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று பேரம்பலம் அண்மையில்தான் சொல்லியிருந்தார். ஆகவே இரண்டாவது தேர்வு அந்த அனல் பிற்பகலில் நடந்தது.

கூட்டம் ஆறு பேர். அவர்களில் உரத்த குரல் கமலேந்திரனுடையது. அவர் மனைவி சுபத்திரா.

“என்னண்ணை, நடந்து நடந்து கால் தேயுது. கரடி லீவில போட்டுதோ?”

“கரடி இல்லைத் தம்பி. கோவாலா.”

“கரடியோ கோவாலாவோ, கடைசிப் படகுக்கு முதல் காட்டுங்கோ. ஒரு கட்டையைக் காட்டி, உதுதான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

“என்னப்பா, கொஞ்சம் வாயை வைச்சுக்கொண்டு சும்மா வாங்கோ” என்றார் சுபத்திரா.

பேரம்பலம் குனிந்தபடி நடந்தார். நிலத்தைப் பார்த்தார். கீறலைப் பார்த்தார். இறங்குதுறைக்குப் போகும் சரளைத் தெருவின் ஓரத்தில், தனித்து நின்ற ஒரு தைலமரத்தின் முன் நின்றார்.

தாய் தாழ்ந்த கவையில் இருந்தது. ஒருவர் தோளில் ஏறி நின்றால் தொட்டுவிடலாம் என்னும் உயரம். முதுகில் குட்டி.

அவர் கை நீட்டவில்லை. குரல் எழுப்பவில்லை. அவர்களாகக் காணும்வரை காத்திருந்தார். சுபத்திரா முதலில் கண்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

“எனக்கு மறைக்குது” என்றார் ஒருவர்.

“எனக்கு முதுகுதான் தெரியுது” என்றார் இன்னொருவர்.

முப்பது ஆண்டுப் பழக்கம் அப்போது பேரம்பலத்தின் கைகளுக்கு வந்தது.

“உயரமான ஆக்கள் பின்னுக்கு வாங்கோ. அக்கா, நீங்கள் கொஞ்சம் இடப்பக்கம். தம்பி, நீங்கள் இஞ்சாலை. ஆங், இப்ப எல்லாருக்கும் தெரியும்.”

மணவறையைச் சுற்றி உறவினரை நிறுத்துவதுபோல மரத்தின் மூன்று பக்கமும் அவர்களை நிறுத்தினார். ஒருவரை ஒருவர் மறைக்கவில்லை. நான்காவது பக்கம் தெரு.

கோவாலா கண்ணைத் திறந்தது.

“முழிச்சிட்டுது!” கமலேந்திரன் கை தட்டினார். “இஞ்ச பார், இஞ்ச பார்!”

“தட்டாதேங்கோ, தம்பி.”

“ஒரு படம் அண்ணை. முகத்தைத் திருப்புதில்லை. நீங்களே படம் பிடிச்ச ஆள் எண்டு சொன்னியள், தெரியாதோ?”

“பாவம், வாயைத் திறக்குது. தண்ணி குடுப்பமோ?” சுபத்திரா போத்தலைத் திறந்தார்.

“வேண்டாம் பிள்ளை. வாயில ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிடும். செத்துப்போடும்.”

கோவாலாவின் காதுகள் பின்னோக்கி மடிந்தன. அது ஒரு பக்கம் பார்த்தது. மறு பக்கம் பார்த்தது. மூன்று பக்கமும் ஆட்கள். பிறகு அடிமரத்தைத் தழுவி, பின்புறம் கீழாக, மெல்ல இறங்கத் தொடங்கியது.

“இறங்குது! எங்களிட்ட வருது!”

ஆறு பேரும் ஓரடி முன்னே வந்தார்கள்.

அது யாரிடமும் வரவில்லை என்பது பேரம்பலத்துக்குத் தெரிந்தது. தெருவுக்குப் போகிறது. அதே நேரத்தில் தெருவின் மேற்கு வளைவில் புழுதி எழுந்தது. கடைசிப் படகைப் பிடிக்க விரையும் முதல் வான்.

“பின்னுக்குப் போங்கோ. எல்லாரும் பின்னுக்கு.”

“ஒரு நிமிசம் அண்ணை.”

“போங்கோ எண்டு சொல்லுறன்!”

அவர் கத்தியது கோவாலாவுக்கும் கேட்டது. அது இன்னும் வேகமாக இறங்கியது. இப்போது அது ஆளுயரத்தில் இருந்தது. குட்டியின் கண்கள் தெரிந்தன.

அப்போது கிழக்கிலிருந்து, தம் கூட்டத்தை இறங்குதுறையில் விட்டுவிட்டு, ரீச்சர் தெருவில் நடந்து வந்தார். இந்த இடத்தில் அவர் ஓடி வந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அவரை அறிந்தவர்கள் அதை ஏற்பதில்லை.

“ரீச்சர்! என்ன செய்ய? சொல்லுங்கோ!”

ரீச்சர் நடையை மாற்றவில்லை. மரத்தைப் பார்க்கவுமில்லை. அதைக் கடந்து, வான் வந்துகொண்டிருந்த திசையில் சற்றுத் தூரம் நடந்தார். தெருவின் நடுவில், சரளைக்கல்லின் மேல், சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

ஹார்ன் நீண்டு ஒலித்தது. சரளை சிதறியது. வான் ஒரு பக்கமாகச் சரிந்து, ரீச்சரின் முழங்காலுக்கு மிக அருகில் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிச் சொன்ன சொற்கள் இந்தக் கதையின் எந்த வடிவத்திலும் இடம்பெறுவதில்லை.

“ஐயோ, ரீச்சர் விழுந்திட்டா!” என்று அலறினார் சுபத்திரா.

“வெக்கை அடிச்சிட்டுது! தண்ணி, தண்ணி! கெதியா வாங்கோ!” என்றார் கமலேந்திரன்.

ஆறு பேரும் ஓடினார்கள். வளையம் கலைந்தது.

பேரம்பலம் மட்டும் மரத்தடியில் நின்றார். கைக்கெட்டும் தூரத்தில் தாயும் குட்டியும். அது நகராமல் இருந்தது. அவரும் நகராமல் இருந்தார். இறங்கி ஓடினால் தடுக்கலாம் என்று நினைத்தார். மேலே ஏறினால் கண்ணால் காணலாம் என்று நினைத்தார். பிறகு, எல்லாரும் போன பின்னும் தாம் ஒருவர் இன்னும் அங்கே நிற்பதைக் கண்டார்.

அவர் திரும்பி, தெருவை நோக்கி நடந்தார்.

ரீச்சர் சுபத்திராவின் போத்தலை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மிடறு. சற்று இடைவெளி. இன்னொரு மிடறு. அவ்வளவு மெதுவாக எவரும் தண்ணீர் குடித்ததில்லை. வானுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வாகனங்கள் வந்து நின்றன.

“ரீச்சர், தலை சுத்துதோ?” என்று கேட்டார் சுபத்திரா.

“இல்லை.”

“எழும்புறியளோ? பிடிக்கட்டோ?”

“இருக்கிறன்.”

பேரம்பலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நகம் பட்டையில் உரசும் சத்தம். மேலேயா, கீழேயா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. மறுபடி கேட்டது. அவருடைய கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கியது.

“அண்ணை” என்றார் ரீச்சர். “என்னைப் பாருங்கோ.”

அவர் ரீச்சரைப் பார்த்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. காய்ந்த இலையோ சரளையோ ஒரு முறை நொறுங்கியது. பிறகு காற்று மட்டும்.

ரீச்சர் போத்தலை முழுதாக முடித்தார். மூடியைத் திருகினார். எழுந்து, ஓட்டுநரிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டார். இந்த ஆறு பேருக்கும் இறங்குதுறைவரை இடம் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். அந்த மனிதர் இதுவரை சொன்னவற்றுக்கு வெட்கப்பட்டோ, இனிச் சொல்ல ஒன்றும் மிஞ்சாமலோ, கதவைத் திறந்துவிட்டார்.

கமலேந்திரனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

“கோவாலா! ஒரு படம் எடுத்துக்கொண்டு வாறன்.”

பேரம்பலம் குறுக்கே நின்றார்.

“அங்கை போகேலாது, தம்பி.”

“என்னண்ணை விளையாடுறியளோ? நாங்கள் வந்தது கோவாலாவைப் பார்க்கவோ, ரீச்சர் தண்ணி குடிக்கிறதைப் பார்க்கவோ?”

“அங்கை போகேலாது.”

“நீங்கள் மட்டும் வடிவாப் பார்த்திருப்பியள்.”

“நானும் பார்க்கேல்லை.”

கமலேந்திரன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். இன்னொரு பகடி சொல்ல வாய் எடுத்தவர், சொல்லாமல் வானில் ஏறினார். சுபத்திரா சன்னல் வழியாக மரத்தின் பக்கம் பார்க்க முயன்றார். உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியவில்லை. வான் மெல்ல நகர்ந்து, மரம் நின்ற இடத்தை ஊர்ந்து கடந்து போயிற்று. பின்னால் வந்த வாகனங்களும் அப்படியே போயின.

தெருவில் இருவர் மட்டும் நின்றார்கள்.

“நான்தான் சுத்தி நிப்பாட்டினது, ரீச்சர்” என்றார் பேரம்பலம். “அவை இல்லை. எல்லாருக்கும் வடிவாத் தெரியவேணும் எண்டு நினைச்சன். தெருப்பக்கத்தை மட்டும் விட்டிட்டன்.”

ரீச்சர் உடையில் ஒட்டிய புழுதியைத் தட்டினார்.

“அப்ப எனக்குப் பாதை இல்லை” என்றார் பேரம்பலம்.

“நாளைக்குக் காலமைப் படகில ஆக்கள் வருவினம். கூட்டிக்கொண்டு போங்கோ. இந்த மரத்தை மட்டும் விட்டிடுங்கோ.”

பேரம்பலம் நம்பாமல் நின்றார். அவருடைய குரல் தாழ்ந்தது.

“நீங்கள் இன்னும் போய்ப் பார்க்கேல்லையே. அது நிக்குதோ, தெருவால போட்டுதோ, ஆருக்குத் தெரியும்? பார்த்திட்டுச் சொல்லுங்கோ, ரீச்சர். இல்லை எண்டா இல்லை எண்டு சொல்லுங்கோ.”

ரீச்சர் மரம் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

“இண்டைக்கு அதைப் பார்க்கிறதெண்டா, அண்ணை, அவையைப்போல நானும் போய் அதின்ர அடியிலதான் நிக்கவேணும்.”