கஸ்பார் மாமாவின் ஒரு கிளாஸ் விஸ்கி சவர்

தூத்துக்குடி கஸ்பார் பர்னாந்துக்கு மூன்று மகள்கள், மூன்று மாப்பிள்ளைகள். மகள்கள் மூவரும் கெட்டிக்காரிகள். அதனால் அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மூத்த மாப்பிள்ளை ரெமிஜியுஸ் உப்பளத்தில் மேஸ்திரி. நின்றாலும் வேர்க்கும், உட்கார்ந்தாலும் வேர்க்கும். நடு மாப்பிள்ளை பொனிப்பாஸ் டியூஷன் வாத்தியார். ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரியும். அதில் எது வேண்டும் என்பது மட்டும் தெரியாது. கடைசி மாப்பிள்ளை தொம்மை ஐஸ் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர். மே மாத வெயிலிலும் உடம்பு சில்லென்று இருக்கும். மூவரும் ஒரு சொட்டுக் குடிக்காதவர்கள். மாமா மேல் உயிரையே வைத்திருந்தார்கள். மாமா ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

நாற்பது நாளைக்கு முன்னால் மாமா மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏணியில் ஏறினார். "மாப்ள, என்ன ஆனாலும் ஏணியை விட்டுராதீங்க" என்று மூவரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். ஏணி அசையவே இல்லை. மாமா மட்டும் விழுந்தார். மாப்பிள்ளைகள் ஏணியை விடவில்லை. ஆட்டோ வந்தபோதும் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் தடுத்த பிறகுதான் கீழே வைத்தார்கள்.

மாமாவுக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. கணுக்காலும் பிசகி, படுத்த படுக்கை.

அவரால் மாப்பிள்ளைகளைத் திட்டவும் முடியாது. முன்பொரு முறை ரெமிஜியுஸைப் பார்த்து, "கூறு இருக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். மூத்த மகள் எட்டு மாதம் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அன்றிலிருந்து மாமா பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகவே பேசி வந்தார்.

இந்த மாமா இருபத்தெட்டு வருஷம் கப்பலில் பார் பார்த்தவர். விஸ்கி சவர் என்று ஒரு பானம். விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு, ஐஸ். போட்டுக் குலுக்கினால் மேலே மேகம் மாதிரி நுரை நிற்கும். அதை எத்தனையோ துறைமுகத்தில் எத்தனையோ பேருக்குக் கலந்து கொடுத்திருக்கிறார். அவருக்கு ஒருத்தரும் கலந்து நீட்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர், "இன்னைக்கு ஒரு கிளாஸ் குடிச்சா தப்பில்லை" என்று சொல்லிவிட்டார். பழைய கப்பல் சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்த பாட்டில் பீரோவில் இருந்தது. அத்தை எமரென்சியா மகள்களோடு மணப்பாட்டில் ஒரு ஞானஸ்நானத்துக்குக் கிளம்பினாள். "குடிக்கிறதுன்னா நான் திரும்பி வர்றதுக்குள்ள குடிச்சு முடிங்க. வந்த பிறகு வீட்டுல அந்த வாடையே இருக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வர ஆறு மணி ஆகும். இப்போது மணி இரண்டு.

மாமா படுக்கையில் இருந்தபடி அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாப்ள, முதல் வேலை, கண்ணாடியைக் குளிர வைக்கணும். பிரிட்ஜுல வைங்க."

மாமா சொன்னது விஸ்கி ஊற்றுகிற கண்ணாடி கிளாஸை. அடுக்களையில் மூவருக்கும் அது தோன்றவில்லை.

"எந்தக் கண்ணாடி?" என்றார் தொம்மை. "முகம் பாக்கிற கண்ணாடியா, மூக்குல போடுற கண்ணாடியா?"

"குளிர வைக்கணும்னா சூடா இருக்கிற கண்ணாடியாத்தான் இருக்கணும்" என்றார் பொனிப்பாஸ். "மாமா மூக்குல இருக்கிறதுதான் உடம்புச் சூட்டுல இருக்கு."

ரெமிஜியுஸ் அறைக்குள் போய் மாமாவின் மூக்குக் கண்ணாடியைப் பயபக்தியோடு கழற்றினார். துடைத்துத் தரப் போகிறார் என்று மாமா சந்தோஷப்பட்டார். அதன் பிறகு அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"அடுத்து, ரெண்டு விரல் விஸ்கி."

"நிக்கிற விரலா மாமா, படுத்த விரலா?" என்று பொனிப்பாஸ் கேட்டார். கிளாஸில் இரண்டு விரல் நீளத்துக்கு ஊற்றுவதா, இரண்டு விரல் அகலத்துக்கு ஊற்றுவதா என்று கேட்டது நல்ல கேள்விதான். மாமாவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

"படுத்த விரல் மாப்ள. சபாஷ்."

தொம்மை மேசைமேல் இரண்டு விரலைப் படுக்க வைத்தார். ரெமிஜியுஸ் அதன்மேல் விஸ்கியை ஊற்றினார். விரல் நனைந்தது, மேசை நனைந்தது, தரை நனைந்தது.

"எவ்வளவு நேரம் ஊத்தணும்?" என்றார் ரெமிஜியுஸ்.

"விரல் நிறையுற வரைக்கும்" என்றார் பொனிப்பாஸ்.

பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகு, விரல் நிறையாது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். குத்துமதிப்பாக, மிச்சத்தில் பெரும்பகுதியைப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, வாசம் போய்விடக் கூடாதென்று பொனிப்பாஸ் பாட்டிலை இறுக்க மூடி வைத்தார்.

"எலுமிச்சம்பழத்தை அப்படியே நறுக்கிராதீங்க மாப்ள. நல்லா உருட்டிட்டு நறுக்குங்க, அப்பத்தான் சாறு இறங்கும்."

தொம்மை வாசலுக்குப் போய்ப் பழத்தை உருட்டினார். அந்தத் தெரு கடலைப் பார்த்துச் சரிந்த தெரு. பழம் நாலு வீடு தாண்டி, லூர்தம்மாள் வீட்டு நடைக்குள் போய் நின்றது. லூர்தம்மாள் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அலறினாள்.

"எவன்டா என் வீட்டுக்குச் செய்வினை வச்சது? நல்லா இருப்பானா அவன்?"

தெருவே கூடிவிட்டது. பழத்தைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒருவர் கோயிலுக்கு ஓடி மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குள் தொம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பழத்தைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்தார்.

"ஏய், அதை என்ன செய்யப் போற?" என்றாள் லூர்தம்மாள்.

"பிழிஞ்சு எங்க மாமாவுக்குக் குடுக்கப் போறோம் அக்கா."

கூட்டம் பத்தடி பின்வாங்கியது.

அடுத்தது முட்டை. "மஞ்சளை விட்டுருங்க மாப்ள, வெள்ளையை மட்டும் போடுங்க" என்றார் மாமா. பொனிப்பாஸ் முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் விட்டார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். மஞ்சள் இருந்தது. வெள்ளையைக் காணோம்.

"சுத்தி இருக்கிறதுதான் வெள்ளையோ?" என்றார் தொம்மை.

"அது தண்ணி மாதிரில்லா இருக்கு" என்றார் ரெமிஜியுஸ். "இருபது வருஷமா உப்பளத்துல நிக்கேன். எனக்குத் தெரியாத வெள்ளையா?"

பொனிப்பாஸ் நெடுநேரம் யோசித்தார். பிறகு தன் கையில் மிச்சம் இருந்த ஓட்டைத் தூக்கிக் காட்டினார். சுண்ணாம்பு போல வெளேரென்று இருந்தது. மூவருக்கும் நிம்மதி. அத்தையின் அம்மியில் வைத்து நாலைந்து முட்டை ஓட்டை நுணுக்கிப் போட்டார்கள். சாறு, சீனி எல்லாம் சேர்ந்து பார்க்க அழகாக வெளுத்துவிட்டது.

"வெள்ளையை மட்டும் எடுத்தாச்சா மாப்ள?"

"எடுத்தாச்சு மாமா. நல்லா மொறுமொறுன்னு இருக்கு."

மாமா மெதுவாகச் சொன்னார்: "ஐஸ் போடுங்க. பெரிய கட்டியா இருக்கணும். பொடி ஐஸ் சீக்கிரம் கரைஞ்சு எல்லாத்தையும் தண்ணியாக்கிரும்."

தொம்மையின் முகம் மலர்ந்தது. அன்று அவருக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். இருபது நிமிஷத்தில் வண்டியில் முழுசாக ஒரு பார் ஐஸ் கொண்டுவந்து இறக்கினார். ஆள் உயரத்தில் பாதி இருந்தது.

ஐஸ் பாத்திரத்துக்குள் போகவில்லை. உடைக்கலாம் என்றால், பெரிய கட்டியாக இருக்க வேண்டும் என்பது மாமா உத்தரவு. அதனால் பாத்திரத்தை மாற்றினார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி கிண்டுகிற அண்டாவில் ஐஸை நிறுத்தி, கலந்து வைத்ததை அதன் தலையில் ஊற்றினார்கள்.

"இனி வேர்க்கிற வரைக்கும் குலுக்கணும் மாப்ள" என்றார் மாமா. அவர் சொன்னது பாத்திரத்தின் வெளிப்புறம் வேர்ப்பதை. குரலில் ஆசை வந்திருந்தது. "வேர்த்திருச்சுன்னா பதம் வந்திருச்சு."

"எனக்கு அப்பவே வேர்த்திருச்சே. அப்ப பதம் வந்தாச்சா?" என்றார் ரெமிஜியுஸ்.

"யாருக்கு வேர்க்கணும்னு மாமா சொல்லலை" என்றார் பொனிப்பாஸ். "பேர் சொல்லாம விட்டா எல்லாருக்கும்னுதான் அர்த்தம். நம்ம மூணு பேருக்கும் வேர்க்கணும்."

மூன்று பேர் பிடித்தும் அண்டாவைக் குலுக்க முடியவில்லை. தூக்கவே முடியவில்லை. தொம்மை யோசனை சொன்னார். பலகையைச் சாய்த்து அண்டாவை வண்டிக்குள் தள்ளி ஏற்றினார்கள். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த ரோடாகத் தேடித் தேடி ஓட்டினார்கள். ஒவ்வொரு குழிக்கும் அண்டா எம்பி எம்பிக் குதித்தது. பின்னால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த பொனிப்பாஸுக்கு முதல் சுற்றிலேயே வேர்த்துவிட்டது. தொம்மைக்கு மட்டும் வேர்க்கவில்லை. இரண்டாம் சுற்று போனார்கள். மூன்றாம் சுற்று போனார்கள். சட்டைக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓட்டியும் பார்த்தார் தொம்மை. ஊகூம்.

ஐஸ் கரைந்து, அண்டா கழுத்துவரை வெள்ளைத் தண்ணீர் தளும்பியது. மீன் மார்க்கெட் பக்கம் வண்டி நின்றபோது சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் தலையில் துண்டோடு வந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, நீர்மோரா? வெயில் கொல்லுது."

"இது எங்க மாமாவுக்கு" என்றார் ரெமிஜியுஸ் உள்ளபடியே.

"மாமாவுக்கா? அடடா. என்ன ஆச்சு?"

"ஏணியில இருந்து விழுந்துட்டாரு."

"எப்ப?"

"இன்னையோட நாப்பது நாள்."

நாலு பேரும் தலையில் கிடந்த துண்டை எடுத்துவிட்டார்கள். "நாப்பதாம் நாளைக்குச் சொந்தக்காரங்களுக்குச் சோறு போடுறவனைப் பாத்திருக்கோம். ஊருக்கே மோர் ஊத்துற மாப்பிள்ளைகளை இன்னைக்குத்தான் பாக்கோம்" என்று சொல்லி டம்ளரை நீட்டினார்கள். நீட்டிய டம்ளரில் ஊற்றாமல் இருப்பது மரியாதை இல்லையே. ஊற்றினார்கள். அதற்குள் ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், வலை பின்னுகிறவர்கள் வந்தார்கள். குடித்தவர்கள் எல்லோரும் "நல்ல மனுசன், போய்ட்டாரு" என்று கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் மட்டும் இரண்டாவது டம்ளரைக் குடித்துவிட்டு, "மோர்ல மணல் நறநறங்குதே, என்னமோ ஒரு தெம்பாவும் இருக்கே" என்றார். பூக்கடைக்காரர் ஒரு ரோஜா மாலையைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார்.

"என் கணக்குல மாமாவுக்குப் போட்டுருங்க."

கூட்டம் நெருக்கிய நெருக்கில் தொம்மைக்கும் ஒருவழியாக நெற்றியில் ஒரு முத்து வேர்த்தது. பதம் வந்துவிட்டது. அண்டாவில் சரியாக ஒரு கிளாஸ் மிச்சம் இருந்தது. டாக்டர் சொன்ன அளவு.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். தனியாகக் கிடந்து கிடந்து மாமா அரை உயிராகியிருந்தார். கழுத்தில் ஏதோ ஈரமாக விழுந்தது.

"என்ன மாப்ள இது?"

"மாலை மாமா. ஊர்க்காரங்க போடச் சொன்னாங்க."

எதற்கு என்று கேட்க மாமாவுக்குத் தெம்பில்லை. ரெமிஜியுஸ் கிளாஸை வாயருகே பிடித்து ஸ்ட்ராவை வைத்தார். நாற்பது நாள் காத்திருந்த மனிதர் கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். நாக்கில் உருட்டிப் பார்த்தார். இன்னோர் இழுப்பு இழுத்தார்.

"இதுல விஸ்கி எங்க மாப்ள?"

"ஊரெல்லாம் இருக்கு மாமா" என்றார் ரெமிஜியுஸ்.

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை குடிகாரர்களைச் சமாளித்திருக்கிறார். குடிக்காதவர்களைச் சமாளிக்க அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஊருக்குள் வந்துவிட்டோம், பத்து நிமிஷத்தில் வீட்டில் இருப்போம் என்றாள் மூத்த மகள்.

மாமா பெருமூச்சு விட்டார்.

"மாப்ள, பாட்டில்ல ஏதாவது மிச்சம் இருக்கா?"

"அரை கிளாஸுக்கு மேலயே இருக்கு மாமா" என்றார் பொனிப்பாஸ்.

மாமாவின் முகத்தில் உயிர் வந்தது. "அப்ப ஒண்ணு செய்யுங்க. கலக்க வேண்டாம். குலுக்க வேண்டாம். ஒண்ணுமே செய்ய வேண்டாம். அது எப்படி இருக்கோ அப்படியே எடுத்துட்டு வந்து என் வாயில கவுத்துங்க. போதும்."

பாட்டில் வந்தது. மாமா அண்ணாந்து, வாயை ஆவென்று திறந்துகொண்டு படுத்தார். ரெமிஜியுஸ் பாட்டிலை அவர் வாய்க்கு நேராகத் தலைகீழாகக் கவிழ்த்தார். மற்ற இருவரும் அசையாமல் நின்று பார்த்தார்கள். ஒரு நிமிஷம் ஆனது.

"என்ன மாப்ள, கவுத்தலையா?"

"கவுத்திட்டோம் மாமா."

"ஒண்ணும் விழலையே."

"ஆமா மாமா. நாங்களும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. "மூடி?"

"பத்திரமா இருக்கு மாமா. எப்படி இருக்கோ அப்படியேன்னு சொன்னீங்கள்ல."

"மூடியைத் திறங்க மாப்ள."

மாமா அந்த வார்த்தையை முடித்து உதட்டை மூடிய அதே நொடியில், ரெமிஜியுஸ், கவிழ்த்த பாட்டிலைக் கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு, மூடியைத் திறந்தார்.

மூக்கில் விழுந்தது, தாடையில் வழிந்தது, நெஞ்சில் ஓடியது. நெஞ்சின் மேல் சாத்தி வைத்திருந்த இரண்டு மாவுக்கட்டும் வாயில்லாமலே மடமடவென்று எல்லாவற்றையும் குடித்துவிட்டன. மாமா வாயைத் திறந்தபோது ஒரு சொட்டும் பாக்கியில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. வீடு முழுக்க விஸ்கி வாடை. மாமா ரோஜா மாலையோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஈரக் கட்டுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பொனிப்பாஸ், சகலைகளைத் தனியே அழைத்துக் குசுகுசுவென்று பேசினார். மூவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தொம்மை அடுக்களைக்கு ஓடி ஒரு கிண்ணமும் டீ வடிகட்டியும் எடுத்துவந்து மாமாவின் நெஞ்சுக்கு நேராக ஏந்தினார். ரெமிஜியுஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"மாமா, எந்தக் கையை முதல்ல பிழியட்டும்?"