இரட்டை ராஜாவும் பத்தாம் வகுப்பும்

ஓணான்குளம் பள்ளிக்கூடத்தில் நாடகம் போட ஆரம்பித்த கதையைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்காதீர்கள். புரையேறினால் நான் பொறுப்பில்லை.

முதல் வருடம் தலைமையாசிரியர் இருதயராஜ் சார் பையன்களைக் கூப்பிட்டு, "நாடகத்தை மனப்பாடம் பண்ணிட்டு வாங்கலே" என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். ராஜா, மந்திரி, காவல்காரன் என்று ஆளாளுக்கு முழு நாடகத்தையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து, மேடையில் வரிசையாக நின்று, முதல் வரியிலிருந்து 'சுபம்' வரைக்கும் ஒரே குரலில் ஒப்பித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

இரண்டாம் வருடம், "திரை விலகினதும் ஆரம்பிங்க" என்று சொல்லி வைத்தார். திரை என்றால் தையல் டீச்சர் மரகதவல்லியின் இரண்டு சேலைதான். அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று. சேலை விலகும்போதெல்லாம் பையன்கள் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ராஜா பத்தொன்பது தடவை சிம்மாசனம் ஏறினார். ஒரு தடவைகூட இறங்கவில்லை.

மூன்றாம் வருடம்தான் விஷயம் பெரிசாகிவிட்டது. ஓணான்குளத்தில் ஒன்பதாம் வகுப்பு வரைதான் உண்டு. பக்கத்து ஊர் நெல்லிமேட்டிலும் அப்படித்தான். பத்து படிக்க வேண்டுமென்றால் டவுனுக்கு எட்டு மைல். சாரின் மகள் செல்வராணியே ஒன்பது முடித்துவிட்டு வீட்டில் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். அப்பளத்தில் விரலால் கணக்குப் போட்டுப் போட்டு அழிப்பாள். அந்த அப்பளத்தைச் சார் சாப்பாட்டில் தொடவே மாட்டார்.

இரண்டு ஊரில் ஒன்றுக்குத்தான் பத்தாம் வகுப்பு என்று மேலே முடிவாகியிருந்தது. எந்த ஊருக்கு என்று சொல்ல வேண்டிய இன்ஸ்பெக்டருக்கு நாடகப் பைத்தியம். "உங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கடிதம் எழுதி, கூடவே இரண்டு விதியும் எழுதியிருந்தார். ஒன்று, நடிப்பவர் பார்ப்பவருக்கு முதுகைக் காட்டக் கூடாது. இரண்டு, பேசுவது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும்.

சார் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்து முழங்காலில் நின்றார். "ஆண்டவரே, இந்த ரெண்டை மட்டும் காப்பாத்திக் கொடும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் கூட்டம் போட்டார்கள். டிரில் மாஸ்டர் வன்னியப்பன்தான் முதலில் பேசினார்.

"சார், நம்ம ஊர்ச் சனம் எதையும் சுத்தி உக்காந்துதான் பாக்கும். கல்யாணமானாலும் சரி, சண்டையானாலும் சரி. கிழக்கே பாத்து நின்னா மேக்க உள்ளவனுக்கு முதுகு தெரியுமே?"

"எல்லாரையும் ஒரே பக்கம் உக்காரச் சொன்னா என்ன?"

"மத்த பக்கமெல்லாம் என்ன பாவம் பண்ணிச்சுன்னு கேப்பாங்க சார்."

கடைசியில் மரகதவல்லி டீச்சர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார்: "முதுகு தெரியக் கூடாது, அவ்வளவுதானே? முதுகு இருக்கிற இடத்துல இன்னொரு பையனை வச்சுத் தச்சிருவோம்."

சார் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்படியாக, ராஜா வேடத்துக்கு இரண்டு பையன்கள். கிழக்கே பார்த்து சந்தியாகு, மேற்கே பார்த்து துரைச்சாமி. முதுகோடு முதுகு ஒட்டி நிற்க, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சட்டை. ஒரு கிரீடம், இரண்டு மீசை. மந்திரியும் இதே மாதிரிதான்.

இன்ஸ்பெக்டர் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். ராஜா வாளை உருவி, "முன்னேறுவோம்!" என்றார். சந்தியாகு கிழக்கே முன்னேறினான். துரைச்சாமி மேற்கே முன்னேறினான். டீச்சரின் தையல் கெட்டி. ராஜா நின்ற இடத்திலேயே நின்று மூச்சு வாங்கினார்.

"எதிரியைப் பாத்து ஒரு அடிகூடப் பின்வாங்கலையே! இவன்லா ராஜா!" என்று சனம் ஆரவாரம் செய்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து சார் மகிழ்ந்தார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மந்திரி கொடுத்த விஷப் பாலை ராஜா இரண்டு வாயாலும் குடித்துவிட்டார். இனி உயிலைச் சொல்லிவிட்டுச் சாக வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த பால்காரர் கோலப்பன் எழுந்து துண்டை உதறினார். பால் கறக்கிற நேரம்.

"சார், கடைசி வரிசை போகுது!" என்று வன்னியப்பன் அலறினார்.

"கோலப்பா, உக்காருமய்யா! ராஜா சாகப் போறாரு!"

"சாகட்டும் சார். என் மாட்டுக்கு மடி கட்டிக்கிடும்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

சாருக்கு மகள் இட்ட அப்பளமெல்லாம் கண் முன்னால் சுற்றியது. "விடாதீங்கலே! அவருக்குக் கேக்கணும்!" என்று கத்தினார்.

ராஜா புறப்பட்டார். சந்தியாகு முன்னால் நடக்க, துரைச்சாமி பின்பக்கமாகவே நடந்து, "என் அருமைக் குடிமக்களே!" என்று தெரு நெடுகச் சொல்லிக்கொண்டு போனான். பின்னால் மந்திரி, அதற்குப் பின்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊர்ச் சனம். மைதானத்தில் இன்ஸ்பெக்டர் மட்டும் மிச்சம்.

"யோவ், நான் இங்க இருக்கேன்யா!"

சார் ஓடிக்கொண்டே திரும்பிக் கும்பிட்டார். "நீங்க முதல் வரிசைங்கய்யா. உங்களைப் பத்திக் கடிதாசியில ஒண்ணும் எழுதலையே!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ராஜா மாட்டுத் தொழுவத்தில், வைக்கோல் மேல், கோலப்பன் காதுக்குப் பக்கத்தில் உயில் சொல்லி உயிரை விட்டார். சந்தியாகு மல்லாந்து செத்தான். அடியில் கிடந்த துரைச்சாமி மூச்சு முட்டி நிஜமாகவே கத்தினான். அப்படி ஒரு சாவை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்ட இன்ஸ்பெக்டர் அங்கேயே பதிவேட்டைக் கேட்டு வாங்கி எழுதினார்: 'இந்த நாடகம் நடந்து முடிந்த இடத்தில் பத்தாம் வகுப்பு தொடங்க அனுமதிக்கிறேன்.'

சார் அதை மூன்று தடவை வாசித்து ஸ்தோத்திரம் சொன்னார். அடுத்த ஜூன் மாதம், கோலப்பன் தொழுவத்தில் பத்தாம் வகுப்பு தொடங்கியது. முதல் வரிசையில் செல்வராணி. பள்ளிக்கூடத்தில் பெருக்கி வைத்திருந்த புது அறை சும்மா கிடந்தது. விதி விதிதானே, சார் கரும்பலகையில் எழுதும்போதுகூடப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் கையைப் பின்னால் விட்டுத்தான் எழுதினார்.

வகுப்பில் ஒருத்தி மட்டும் அடங்கவில்லை. கோலப்பனின் பசு மயிலை. தீவனத் தொட்டியில் முகத்தை விட்டுக்கொண்டு, நாள் முழுக்க வகுப்புக்கே முதுகைக் காட்டினாள். சார் மூன்று தடவை எச்சரித்துப் பார்த்தார். பிறகு மனசில்லாமல் டி.சி. கிழித்துக் கொடுத்துவிட்டார்.

கோலப்பன் டி.சி.யையும் மாட்டையும் பிடித்துக்கொண்டு நெல்லிமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கிருந்த தலைமையாசிரியர் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இங்க பத்து கிடையாது. வேணும்னா ஒன்பதுல உக்காரட்டும்."

கோலப்பனுக்கு வந்ததே கோபம். "பத்துல இருந்த மாட்டை ஒன்பதுல போடுவீராக்கும்?" என்று டி.சி.யைப் பிடுங்கிக்கொண்டு, மயிலையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஊருக்கு நடந்தார்.