சீனியம்மா செவரு

"தலகாணியில தலை வச்சியா தாயி? காலை நீட்டு. 'ம்' போடணும். போடலைன்னா நிப்பாட்டிருவேன்."

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா. அவ பேரு சீனியம்மா.

"அப்பத்தாதானே தாத்தா?"

உங்க அப்பத்தாதான். அந்தப் பேர்ல அப்படி ஒருத்தி வேற யாரு இருக்கா? குறுக்க பேசாமக் கேளு. அவ புருஷன் பேரு சோணமுத்து. ஆமா, நான்தான். ஆனா கதையில அவன் அவன்தான். சரியான வாயில்லாப் பூச்சி.

சீனியம்மா கல்யாணமாகி வந்த மூணாம் நாளு, அடுப்புக் கரி, செங்கப்பொடி, சொட்டு நீலம் எல்லாத்தையும் எடுத்தா. வேலங்குச்சி நுனியை மென்னு, வீட்டுச் செவத்துல மாமியாக்காரி படத்தை வரைஞ்சா. வாயி மட்டும் இத்தத் தண்டி! அப்போ மாமியாக்காரி, "செவத்துல கிறுக்குனா வீடு விளங்குமாடி?"ன்னு கத்திக்கிட்டே சாணியைக் கரைச்சு, சளப் சளப்புன்னு அப்பி மெழுகிட்டா. பூராம் போச்சு. சோணமுத்து என்ன செஞ்சான்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு வயலுக்குப் போயிட்டான். சீனியம்மா என்ன சொன்னா தெரியுமா?

"ம்?"

"நல்லா வழவழன்னு மெழுகிக் குடுத்தீக அத்தை. காயட்டும்"ன்னா. காஞ்சதும் சுண்ணாம்பைக் கரைச்சு மறுபடி வரைஞ்சா. இப்ப வாயி இன்னும் பெருசு! அதே மாமியா பின்னால ரெண்டு வருசம் படுக்கையில கெடந்தப்ப, அள்ளிக் கொட்டிக் குளிப்பாட்டி, சோறு ஊட்டினவளும் இவதான். கெழவி அந்தப் படத்தைப் பாத்துப் பாத்துச் சிரிக்கும்.

அப்புறம் ஒரு ஐப்பசி. மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டி, மண்செவரு பொத்துன்னு விழுந்துச்சு. உங்கப்பன் அழகரு அப்போ கைப்புள்ள. அவனைத் தூளியில போட்டுட்டு, மண்ணை மிதிச்சு, புருஷனோட சேந்து செவரு எழுப்பினா. ஈரம் காயல, கூரை ஏறல, அதுக்குள்ள படம்! "மேல ஓலை இல்ல, உனக்குப் படம் கேக்குதாக்கும்?"ன்னான் சோணமுத்து. "ஓலை உன் வேலை, செவரு என் வேலை. போய் வேலையைப் பாரு"ன்னா. போயிட்டான்.

அப்புறம் அழகரு வளந்து சம்பாரிச்சு, மண்வீட்டை இடிச்சு சிமெண்டு வீடு கட்டினான். அதுக்குள்ள அவளுக்கு ரெண்டு கண்ணும் மங்கிருச்சு. "அம்மா, புதுச் செவரு, கைய வச்சுறாத"ன்னான். வச்சா! கரியைத் தொட்டு விரலாலயே தடவித் தடவி ஒரு யானை போட்டா. அப்போ நீதான் கத்துன, "அப்பத்தா, யானைக்கு அஞ்சு காலு!"ன்னு.

"ஞாபகம் இருக்கு தாத்தா."

என்ன சொன்னா?

"நாலு கால் யானையத்தான் எல்லாரும் பாத்திருக்காகளேன்னுச்சு."

அதான் சீனியம்மா! அப்புறம்... அவ போயிட்டா தாயி. எனக்குத் தாங்கல. பதினாறாம் நாள் கருமாதி. அதுக்கு முன்னால வெள்ளையடிக்க ஆளைக் கூட்டியாந்துட்டான் உங்கப்பன். "சாவுத் தீட்டு, வெள்ளையடிச்சாத்தான் போகும். இல்லைன்னா ஊரு பேசும்"ன்னு சொந்தக்காரங்க பூராம் ஒரே சத்தம். மூணு செவரு சரக் சரக்குன்னு முடிஞ்சுச்சு. அப்புறம் யானை இருந்த செவத்துக்கு வந்தான் அந்த ஆளு. அம்பது வருசமா யாரையும் எதுத்து நிக்காத சோணமுத்து, கட்டிலை இழுத்து அந்தச் செவத்தோட ஒட்டிப் போட்டு, முதுகைக் குடுத்து உக்காந்துட்டான். "அடிக்கிறதுன்னா என் மேலயும் சேத்து அடிங்கடா!"ன்னான். சொத்துன்னு சுண்ணாம்புத் தண்ணி தலையில விழுந்துச்சு. நகரலையே!

"அப்பா, தீட்டுப்பா"ன்னு அழகரு கெஞ்சினான்.

"அவ தீட்டு போக வேணாம். என்கிட்டயே இருக்கட்டும்"ன்னான்.

ஊரு பேசுச்சு. பேசட்டுமே! அன்னையிலருந்து அவனுக்கு அங்கதான் படுக்கை.

"தாத்தா... அப்பத்தா செத்ததால போன பொங்கல் நமக்கு இல்லைல்ல? இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க நாளைக்கு ஆளு வருதாம். அப்பா சொன்னாரு."

வரட்டும். கெழவன் இந்தக் கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டான்.

"நானும்."

நீ சின்னப் புள்ள, தூக்கிட்டுப் போயிருவாக.

"தூக்குனா கடிப்பேன்."

அடி ஆத்தி! அப்போ நேரத்தோட தூங்கு, விடிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் சோலி கெடக்கு. கதை அம்புட்டுத்தான், கண்ணை மூடு.