சுவருக்குள் ஓடிய வாய்க்கால்

காட்டாற்றின் கரைச் சரிவில் ஒரு பெரிய வளை இருந்தது. அதைத் தோண்டியது ஒரு முள்ளம்பன்றி. முயலும் ஆமையும் எலியும் அதில் குடியிருந்தன. அதற்குப் பதிலாக முள்ளம்பன்றிக்குக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தன.

எவ்வளவு மழை பெய்தாலும் வளைக்குள் தண்ணீர் நிற்காது. சுவருக்குள் ஒரு வாய்க்கால் ஓடியது. அது எங்கே என்று முள்ளம்பன்றிக்கு மட்டும்தான் தெரியும். மழைக்காலத்துக்கு முன்பு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தானே அதைச் சுத்தம் செய்து, கல்லால் மூடிவிடும்.

ஒருநாள் முள்ளம்பன்றி சொன்னது: "குன்றுக்கு அந்தப் பக்கம் புது வளை தோண்டியிருக்கிறேன். அங்கே வந்துவிடுங்கள். இனி இந்த வளையை நான் கவனிக்க மாட்டேன்."

முயலுக்கு நிறைமாதம். "இந்த வயிற்றோடு குன்று ஏற முடியாது அண்ணா. வாய்க்கால் எங்கே என்று மட்டும் காட்டிவிட்டுப் போங்கள்."

"காட்டிவிட்டால் புது வளைக்கு யார் வருவார்கள்?" என்றபடி முள்ளம்பன்றி கிளம்பிவிட்டது.

ஆமை முயலோடு தங்கிவிட்டது. எலி மட்டும் புறப்பட்டது. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தது. பிறகு வந்து முயலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மழை பிடித்தது. தண்ணீர் முயலின் படுக்கைவரை வந்துவிட்டது. அதற்கு இடுப்பு வலியும் கண்டுவிட்டது.

"சுவரைத் தோண்டிப் பார்ப்போமா?" என்றது ஆமை.

"கூரை இடிந்து விழுந்தால்?" என்றது எலி.

"நான் முதுகைக் கொடுத்துத் தாங்குகிறேன். நீ தோண்டு."

எலி சுவர்க் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தது. ஒரு கல்லுக்குப் பின்னால் வாய்க்கால் தெரிந்தது; அது முழுக்க வேர் அடைத்திருந்தது. எலி பல் வலிக்க வலிக்கக் கடித்தது. கடைசி வேர் அறுந்ததும் தண்ணீர் களகளவென்று வெளியே ஓடியது. பொழுது சாய்வதற்குள் முயல் மூன்று குட்டிகளை ஈன்றது.

"கல்லை வைத்து மூடிவிடட்டுமா?" என்று எலி கேட்டது.

"வேண்டாம்," என்றது முயல். "வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும்."

அந்த வழியாக வந்த கீரி பார்த்தது. "இங்கே தண்ணீர் போக இன்னொரு வாய் திறந்தால் வாய்க்கால் அடைத்துக்கொள்ளாது!" என்று அதையும் தோண்டிக் கொடுத்தது. அடுத்த மழைக்கு முன்னால் பக்கத்து வளைக்காரர்களும் வேர் அறுக்க வந்தார்கள்.

பிறகு எலி வயல் பக்கம் குடிபோனது. ஆமையும் வயதாகிக் கண் மூடியது. ஆனாலும் வளை நனையவில்லை. வாய்க்காலை முயல்குட்டிகள் சுத்தம் செய்தன.

பலரும் அறிந்து பலரும் பேணும் பொருள், அதைச் செய்தவர் கைவிட்டாலும் அழிவதில்லை.