வார்ம் அப் என்றால் என்ன?

மாவட்டக் கபடி அணிக்கு ஆள் எடுக்கும் நாள். வாழைத்தார் சுமக்கும் இசக்கியைக் கழித்துவிட்டுத் தன் அக்கா மகனைச் சேர்க்க வழி தேடினார் தேர்வுக் குழுத் தலைவர் நவநீதன்.

“வார்ம் அப் பண்றதுன்னா என்னலே? எனக்கு விளங்குற மாதிரி சொன்னாத்தான் அணியில இடம்.”

“சொன்னா விளங்காது அண்ணாச்சி. கூடச் செஞ்சாத்தான் விளங்கும், வாங்க.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் தலைவரால் மறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, இசக்கியோடு மைதானத்தைச் சுற்றி ஓடினார். குனிந்தார், நிமிர்ந்தார், துள்ளினார். கடைசியில் வேர்வை வழிய மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“விளங்கிட்டுலே. இடம் உனக்குத்தான். கபடி ஆடுறது இவ்வளவு கஷ்டமா?”

இசக்கி தண்ணீரை நீட்டினான்.

“இது உடம்பைச் சூடாக்குறது மட்டுந்தான் அண்ணாச்சி. கபடியை இன்னும் தொடங்கவே இல்லையே.”