கீப்பரின் வெள்ளைச் சட்டை

"அக்கா, என்னை யாருமே பாக்க மாட்டேங்கிறாங்க," என்றான் எபனேசர்.

ரெஜினா ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எபனேசர் நாலாவது டிவிஷன் அணியின் விக்கெட் கீப்பர். ரெஜினா அந்த அணியின் கோச். ஒரு காலத்தில் அவளும் கீப்பராக இருந்தவள்தான். வலது கை விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்க்கும்.

அவன் மனக்குறையை எல்லாம் கொட்டினான். கூட ஆடியவர்கள் முதல் டிவிஷனுக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்தே கிழவனாகிவிடுவான் போலிருக்கிறது. வாராவாரம் பாய்கிறான், புரள்கிறான். சுவர்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள் கை தட்டுகிறார்கள். தேர்வாளர்கள் மட்டும் தட்டுவதில்லை.

ரெஜினா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அது செம்மண் மைதானம். அவனுடைய வெள்ளைச் சட்டை செங்கல் நிறத்தில் இருந்தது.

"சட்டையை யாரு துவைக்கிறா?"

"அம்மா."

பையிலிருந்து ஒரு துணி சோப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இனிமே நீ துவை. மேட்ச் முடிஞ்சதும், இங்கேயே."

அவ்வளவுதான். பிரமாதமான பதிலை எதிர்பார்த்து வந்தவன் சோப்போடு திரும்பினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள். எபனேசர் குழாயடியில் கசக்கிக்கொண்டிருந்தான். செம்மண் கறை லேசில் போகுமா? சோப்பு பாதியாகிவிட்டது. சுவர்மேல் இருந்தவர்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

முதலில் கோபம் வந்தது. கசக்கக் கசக்க யோசனை வந்தது.

தோளில் இருக்கிற கறை எந்தப் பந்து? இரண்டடி நகர்ந்திருந்தால் நின்றபடியே பிடித்திருக்கலாம். முழங்கையில் இருப்பது? அதுவும் அப்படித்தான். வயிற்றுக் கறைக்கு வந்தபோது அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அது கைதட்டலுக்காகவே பாய்ந்தது.

அடுத்த வாரம் நகர்ந்தான். அதற்கடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் நகர்ந்தான். சோப்பு கரைவது குறைந்தது. பஜ்ஜி சூடாகவே கிடைத்தது. சுவர்மேல் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அக்கா, இப்ப அவங்ககூடப் பாக்கறதில்ல."

ரெஜினா சிரித்தாள். சோப்பைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஒருநாள் முதல் டிவிஷன் அணியிலிருந்து தேர்வாளர் வந்தார். அவர்களுடைய கீப்பர் வேலை மாற்றலாகி வெளியூர் போகிறாராம். இடம் காலி. மனிதர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

காலை முழுக்க ஒரு பந்துகூட எபனேசரைத் தாண்டிப் போகவில்லை. தேர்வாளர் கொட்டாவி விட்டார். எபனேசர் அதைப் பார்த்துவிட்டான். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு எப்போது வருமோ? ஒரே ஒரு தடவை பாய்ந்து காட்டிவிடலாமா என்று கை கால் பரபரத்தது.

சட்டையைப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆசையை அடக்கிக்கொண்டான்.

மதியத்துக்குப் பிறகு, எதிரணியில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் லெக் சைடில் போன பந்தைத் தட்டப் பார்த்தான். பந்து மட்டையின் விளிம்பில் உரசி விலகிப் பறந்தது.

நகர நேரமில்லை. சட்டை நினைவுக்கே வரவில்லை. பாய்ந்தான்.

மண்ணிலிருந்து முகத்தைத் தூக்கிப் பார்த்தால், கிளவுஸின் நுனியில் பந்து. பௌலர் ஓடிவந்து அவன்மேல் விழுந்தான். மற்றவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். எல்லோருக்கும் அடியில் நசுங்கியபடி எபனேசர் சிரித்துக்கொண்டே கிடந்தான். அவ்வளவு சந்தோஷம்.

மேட்ச் முடிந்ததும் தேர்வாளர் ரெஜினாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எபனேசர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு, சோப்போடு குழாயடிக்குப் போனான். ரெஜினா பின்னாலேயே வந்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"மத்தியானம் வரைக்கும் உங்க டீம்ல கீப்பர்னு ஒருத்தன் இருக்கறதே தெரியலைன்னாரு."

எபனேசரின் முகம் தொங்கிப்போயிற்று. குழாயைத் திறந்தான்.

ரெஜினா குழாயை மூடினாள்.

"இதைத் துவைக்காதே," என்றாள். "அடுத்த வாரம் அவங்க வேற சட்டை தராங்க."