தொங்கவிட்ட வெள்ளை வயர்

ஒரே வீட்டில் மூன்று பேர் ஆளுக்கு ஒன்றை மறைத்தார்கள். மூவரும் நல்லவர்கள்தான். யார் மறைத்தது சரி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் விடை கடைசியில் இருக்கிறது. உங்கள் விடையை மனதில் முடிவு செய்துகொண்டு அப்புறம் அதற்கு வாருங்கள்.

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா என்று ஒருத்தி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கணவன் கப்பலில். பத்து மாதக் குழந்தை மெரினை வீட்டில் விட்டு வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் பக்கத்துத் தெரு இசக்கியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பின் பழக்கமில்லை. அவள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாசல் தாண்டும்போதெல்லாம் ஜெசிந்தா ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

கூடத்தில் ஒரு கேமரா உண்டு. அதில் படம் மட்டும் வரும், பதிவும் ஆகும்; சத்தம் வராது. சாப்பாட்டு நேரத்தில் ஜெசிந்தா அதைச் செல்போனில் பார்ப்பாள். ஒரு நாள் அப்படிப் பார்க்கும்போது, இசக்கி குழந்தையின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். குழந்தை கைகாலை உதறியது. பிறகு இசக்கி கையை எடுத்துவிட்டுத் தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். மறுநாளும் அதேதான். கேமரா மேல்மூலையில் இருப்பதால் பிள்ளை சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. இரண்டு பல் முளைத்த வாய் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திறக்கிறது.

அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள், சத்தம் பொறுக்காமல் காதைப் பொத்திக்கொள்கிறாள். ஜெசிந்தாவுக்கு வேறு எப்படியும் நினைக்கத் தோன்றவில்லை. நேரே கேட்கவும் பயம். சந்தேகம் பொய்யாக இருந்தால் இசக்கி கோபித்துக்கொண்டு மறுநாள் வரமாட்டாள். உண்மையாக இருந்தால் கேட்டதற்குப் பிள்ளைதானே பாடுபட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை இசக்கிக்கு விடுமுறை. அன்று, கேமரா மாட்டித் தந்த மைதீனை ஜெசிந்தா வரச் சொன்னாள்.

"இந்தக் கேமராவுல மைக் கிடையாதும்மா. வெளியிலருந்து ஒண்ணு இணைச்சுக்கிடலாம்," என்றார் அவர். விரல்நுனி அளவில் ஒரு மைக்கை எடுத்தார். "எங்க வைக்கட்டும்?"

"பார்த்தா தெரியாத இடமா இருக்கணும்ணே."

"அந்த அக்காட்ட சொல்லலையா?"

ஜெசிந்தா சுவரிலிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் காட்டினாள்.

"சாமிக்குப் பின்னாலயேவா! நல்லா மாட்டி விடுதீங்க என்னைய," என்று முனகிக்கொண்டே ஏணியில் ஏறினார் மைதீன்.

மைக்கிலிருந்து இரண்டு வயர்கள் வந்தன. சிவப்பு கரண்டுக்கு, வெள்ளை சத்தத்துக்கு. சிவப்பை இணைத்தார். வெள்ளையைக் கேமரா வரை இழுத்துக் கொண்டுவந்து, செருகாமல் தொங்கவிட்டு இறங்கினார்.

"ஒருத்தர் பேசுறதை அவுகளுக்குத் தெரியாம பிடிக்கது சரியில்லம்மா. எனக்கும் பிள்ளை இருக்கு, உங்க பயம் புரியுது. ஆனா இதை நான் செருக மாட்டேன். அவுககிட்ட சொல்லிட்டு நீங்களே செருகிக்கிடுங்க."

அவருடைய பைக் தெருமுனை திரும்புமுன் ஜெசிந்தா ஸ்டூலில் ஏறிச் செருகிவிட்டாள்.

திங்கள்கிழமை மதியம். ஜெசிந்தா இயர்போனைக் காதில் வைத்தாள். படத்தில் இசக்கி குழந்தையின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ம்மா," என்றது குழந்தை. தெளிவாக.

"ஏட்டி, சொல்லாதங்கேன்லா! இதை எங்கிட்ட சொல்லப்பிடாது. ஒங்கம்மா வந்து நிக்கையில மொத மொத சொல்லணும், என்ன?" இசக்கியின் உள்ளங்கை குழந்தையின் வாயைப் பொத்தியது. கையை எடுத்ததும் மறுபடி, "ம்மா!"

"நான் கேக்கல, கேக்கல! எங்காதுல ஒண்ணும் விழல!" இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அவள் தலையை ஆட்ட, குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

ஜெசிந்தா சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே பிள்ளை இசக்கியின் இடுப்பிலிருந்து தாவியது. "ம்மா!"

"ஏ யம்மா! கேட்டீங்களா?" இசக்கியின் முகமெல்லாம் பூரிப்பு. "இப்பத்தான் மொத மொத சொல்லுது! நாங்கூட இதுவரை கேட்டதில்ல!"

"நிஜமாவாக்கா?" என்றாள் ஜெசிந்தா, முகத்தைப் பிள்ளையின் கழுத்தில் புதைத்துக்கொண்டு.

மைதீன் மைக்கை மறைத்தார். இசக்கி ஒரு சொல்லை மறைத்தாள். ஜெசிந்தா தான் கேட்டதை மறைத்தாள். இவர்களில் யார் மறைத்தது சரி?

விடை: எங்கள் பள்ளி சிஸ்டர்களைக் கேட்டால், மூன்றும் பொய்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மைதீன் தப்பென்று தெரிந்த வேலையை முக்கால்வாசி முடித்துவிட்டு, மீதியைப் பயந்துபோன ஒருத்தியின் கையில் விட்டார். ஜெசிந்தாவின் பயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பயம் தீர்ந்த பிறகும் மறைத்தாளே, அதற்கு இல்லை. மறைத்தது வெளியே வரும்போது யார் முகம் வாடுகிறது என்று பாருங்கள். இசக்கி மறைத்தது வெளியே வந்தபோது ஒரு தாய் சந்தோஷத்தில் அழுதாள். ஆகவே இசக்கி மறைத்ததே சரி.

இது ஜெசிந்தாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை வெள்ளை வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு இசக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இசக்கியின் முகம் வாடித்தான் போயிற்று.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா," என்றாள். பிறகு பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கேட்டாள்: "அதுல புள்ள சத்தமும் இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்ப எனக்கு அதை ஒருக்கா போட்டுக் காட்டுங்க. நாந்தான் காதைப் பொத்திக்கிட்டேனே."